தேக்காவில் கடைசி 16 சென்டிமீட்டர்

சிங்கப்பூரில் எங்கள் வீடு இருக்கும் ஹவ்காங்கிலிருந்து, லிட்டில் இந்தியா என்கிற தேக்காவுக்கு அம்மாவைச் சக்கர நாற்காலியில் அழைத்துப்போவது ஒரு வேலையே இல்லை. எங்கள் மாடியிலேயே மின்தூக்கி நிற்கும், கீழே இறங்கினால் கூரை போட்ட நடைபாதை, நிலையத்தில் அகலமான நுழைவாயில், மேடைக்கு இறங்க இன்னொரு மின்தூக்கி, ரயிலுக்கும் மேடைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி, அப்புறம் லிட்டில் இந்தியா நிலையத்தில் மறுபடி மின்தூக்கி. வழியில் ஒரு படிகூடக் கிடையாது. 2003ல் திறந்த வடகிழக்கு ரயில் பாதை மின்தூக்கிகளோடுதான் கட்டப்பட்டது, பழைய நிலையங்களுக்கும் 2006க்குள் படியில்லாத வழி ஒன்றாவது வந்துவிட்டது, 2020 முடிவில் பொதுப் பேருந்துகள் எல்லாமே சக்கர நாற்காலி ஏறும் பேருந்துகளாகிவிட்டன. வீட்டு வாசலிலிருந்து சிராங்கூன் சாலை வரைக்கும் அரசாங்கம் தரையை இழைத்துக் கொடுத்திருக்கிறது என்றே சொல்லலாம்.

அதற்கப்புறம் புடவைக் கடை வாசல். ஒரே ஒரு படி.

ஒருநாள் தையல் டேப்பை எடுத்துப்போய் அளந்தேன், 16 சென்டிமீட்டர். நான் குனிந்து அளப்பதைப் பார்த்து, கடையில் வேலைசெய்யும் தம்பி "என்னண்ணே, வாஸ்து பாக்குறீங்களா?" என்று கேட்டார். அவர் கேட்டதிலும் தப்பில்லை, ஒரு வாசல் படியைக் குனிந்து உற்றுப்பார்க்க வேறென்ன காரணம் இருக்கமுடியும், நடக்கிறவர் யாருக்கும் அது கண்ணிலேயே படாது. கால் தானாகத் தூக்கி வைத்துவிடும்.

சக்கர நாற்காலி அப்படி இல்லை. அதன் முன்சக்கரங்கள் உள்ளங்கை அளவுதான் இருக்கும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேடு வந்தாலே அவை மோதி நின்றுவிடும், தள்ளுகிறவர் வேகமாக வந்தால் உட்கார்ந்திருப்பவர் முன்னால் சாய்ந்துவிடுவார். பின்னால் சாய்த்து முன்சக்கரத்தைத் தூக்கி வைக்கலாம், அதற்கு ஒரு பழக்கம் வேண்டும். அதிலும் டாக்சி டிக்கியில் மடித்து வைக்கலாமென்று பல வீடுகளில் வாங்கும் லேசான நாற்காலிக்குப் பின்சக்கரமும் சின்னதுதான், படியில் ஏற்றுவதற்கு அதைவிடத் தொல்லை பிடித்தது வேறில்லை. மோட்டார் வைத்த நாற்காலி என்றால் கதையே வேறு. அதில் சில ஆள் இல்லாமலே நூறு கிலோ வரும்.

சரி, இந்தப் படி எப்படி வந்தது? யாரும் யாரையும் தடுக்கவேண்டுமென்று கட்டவில்லை. முதல் காரணம் தண்ணீர். தேக்கா ஒரு காலத்தில் மாட்டுத் தொழுவம், ஈர நிலம், பக்கத்தில் ரொச்சோர் ஆறு. இன்றைக்கும் பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்று தெருப் பெயர்களிலேயே எருமை நிற்கிறது, கெர்பாவ் என்றால் மலாயில் எருமைதான். அப்படிப்பட்ட இடத்தில் கீழே கடை, மேலே வீடு என்று கடைவீடு கட்டுகிறவன் முதலில் செய்வது தரையை உயர்த்துவது. தெருவுக்கு மேலே கால்வாய் ஓரம், அதற்கு மேலே அஞ்சடி என்கிற கூரை போட்ட தாழ்வாரம், அதற்கும் மேலே கடைத் தரை. மழை கொட்டினால் அரிசி மூட்டை நனையக்கூடாதே. நல்ல யோசனைதான், அதனால்தான் அந்தக் கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன.

அஞ்சடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த விஷயத்தின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது. 1822ல், சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸ் நகரத் திட்டத்துக்காக எழுதிக்கொடுத்த உத்தரவில், தெருவோரம் கட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் கூரையோடு ஒரு தாழ்வாரம் விடவேண்டும், அது எப்போதும் திறந்து, இடைவெளியில்லாமல் தெரு நெடுக ஓடவேண்டும் என்று இருந்தது. வெயிலும் மழையும் படாமல் சனங்கள் நடக்க ஒரு வழி. மலாயில் காக்கி லீமா, நமக்கு அஞ்சடி. யோசித்துப் பார்த்தால் சக்கர நாற்காலிக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டுமா என்ன? கூரை உண்டு, நிழல் உண்டு, கடைகளை ஒட்டியே போகிறது.

ஆனால் அந்த உத்தரவில் ஒரு விஷயம் நடைமுறைக்கு வரவே இல்லை. இடம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை எல்லோருடையது. அதனால் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வாசலுக்கு முன்னால் இருக்கும் துண்டைத் தன் வசதிப்படி கட்டினார். ஒருவர் ஓடு பதித்தார், அடுத்தவர் சிமெண்ட் பூசினார், மூன்றாமவர் தண்ணீர் வருகிறதென்று நாலு அங்குலம் உயர்த்தினார். கூரை தொடர்கிறது, தரை தொடரவில்லை. டன்லப் ஸ்திரீட்டிலோ அப்பர் டிக்சன் ரோட்டிலோ அஞ்சடியில் நடந்து பாருங்கள், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரு இறக்கம், அப்புறம் ஒரு ஏற்றம், எங்கேயோ ஒரு சாய்வு. தூண்களுக்கு நடுவே பார்த்தால் அழகான நீண்ட தாழ்வாரம், சக்கரத்துக்கோ அது மேடுபள்ளம். ஆக அம்மாவும் நானும் அஞ்சடியை விட்டுத் தெருவில் இறங்கித்தான் போகிறோம், பின்னால் லாரி ஹாரன் அடிக்கும், நான் கையைக் காட்டுவேன்.

தெருவிலிருந்து கடைப்பக்கம் திரும்பினால் கால்வாய் மேல் இரும்புக் கம்பி மூடி. கம்பிகள் குறுக்கே இருந்தால் பரவாயில்லை, நாம் போகும் திசையிலேயே இருந்தால் முன்சக்கரம் அந்தச் சந்துக்குள் இறங்கிவிடும். ஒருமுறை அப்படி இறங்கி, அம்மா மடியிலிருந்த தேங்காய்ப் பை உருண்டு நடுத்தெருவுக்குப் போய்விட்டது. இப்போது மூடியைப் பார்த்தாலே நாற்காலியைக் கொஞ்சம் சாய்கோணமாகத் திருப்பிக்கொள்கிறேன்.

அப்புறம் அஞ்சடியில் அடுக்கி வைத்திருக்கும் சாமான். இதுவும் புதிதல்ல. 1888 பிப்ரவரியில் நகராட்சி அஞ்சடிகளைக் காலிசெய்ய ஆரம்பித்தபோது கடைக்காரர்கள் கடையை மூடினார்கள், ஊரில் கல்வீச்சும் ரகளையும் நடந்தது, அதற்கு வராந்தா கலவரம் என்றே வரலாற்றில் பெயர். கடைக்காரர் பக்கமும் நியாயம் உண்டு, நாலைந்து மீட்டர்தான் கடையின் முகப்பு, உள்ளே நீளமாகப் போகும் இருட்டு, வாசலில் நாலு தட்டு வைத்தால்தான் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். எவர்சில்வர் குடம், பிளாஸ்டிக் மாலை, வெங்காய மூட்டை, தீபாவளிக்கு முன்னால் கோலத் தட்டும் அகல் விளக்கும். நடக்கிறவர் ஒருக்களித்துப் போய்விடலாம். அறுபத்தைந்து சென்டிமீட்டர் அகலமுள்ள நாற்காலி ஒருக்களிக்காது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அஞ்சடியை அடைத்துக்கொண்டிருக்கும் கடைகளில்தான் அம்மாவால் தானாக வாங்கமுடிகிறது! பூக்கடை, வெற்றிலைக் கடை, மூலையில் இருக்கும் பத்திரிகைத் தட்டு. அவற்றுக்கு வாசலே கிடையாது, வாசல் இல்லாததால் படியும் கிடையாது. மல்லிகைச் சரம் எத்தனை முழம் என்று அம்மாவே பேரம் பேசி, பணத்தை அம்மாவே எண்ணிக் கொடுப்பார், நான் நாற்காலிக்குப் பின்னால் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எல்லாச் சாமானையும் உள்ளே தள்ளு என்று நான் சொல்லமாட்டேன். ஒரு மீட்டர் இருபது சென்டிமீட்டர் வழி விட்டுவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளட்டும்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். சிங்கப்பூரில் கட்டடங்களில் தடையில்லாத அணுகல் வேண்டுமென்ற விதித்தொகுப்பு 1990லேயே வந்துவிட்டது. கட்டட, கட்டுமான ஆணையம் அதைப் பலமுறை திருத்தியிருக்கிறது, 2013ல் ஒன்று, 2019ல் ஒன்று. சாய்தளம் எத்தனை சரிவு, கதவு எத்தனை அகலம், கழிவறையில் கைப்பிடி எங்கே என்று எல்லாம் அதில் உண்டு. புதுக் கடைத்தொகுதிகளில் எங்கே போனாலும் படி தடுக்காததற்குக் காரணம் இதுதான். ஆனால் விதி புதுக் கட்டடத்தையும், பெரிதாக மாற்றிக் கட்டும் கட்டடத்தையும்தான் பிடிக்கும். 1990க்கு முன்னால் கட்டியது அப்படியே கிடந்தால் கிடக்கலாம். வாடகைக்கு வந்தவர் புதுப் பெயர்ப்பலகை மாட்டி, அலமாரியை மாற்றி, குளிர்சாதனம் வைத்தால் அது பெரிய மாற்றத்தில் சேராது. 2017லிருந்து, பழைய வர்த்தகக் கட்டடங்களிலும் மாற்றுவேலை செய்தால் படியில்லாத நுழைவாயிலும் ஏற்ற கழிவறையும் வேண்டுமென்று வரம்பை இறுக்கினார்கள், அது 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு. தேக்காவின் சாதாரணக் கடைவீடு ஒன்றை எடுத்துக்கொண்டால் மேல்மாடியையும் சேர்த்து அந்த அளவைத் தொடுவது அபூர்வம்.

இந்த அளவு வரம்பு என்பது உலகம் முழுக்க இருக்கும் ஒரு பழக்கம். சின்னக் கடைக்காரன் பாவம், விட்டுவிடுவோம் என்பது. தென்கொரியாவில் இதே விஷயம் நீதிமன்றம் வரை போனது. அங்கே 1998லிருந்து 300 சதுர மீட்டருக்குக் கீழே உள்ள கடைகளுக்குச் சாய்தளம் கட்டாயமில்லை என்று ஒரு ஆணை, அதனால் தெருமுனைக் கடைகள் ஏறக்குறைய எல்லாமே தப்பித்துக்கொண்டன. 2022ல்தான் அந்த வரம்பை 50 சதுர மீட்டராகக் குறைத்தார்கள், அதுவும் புதிதாக வரும் கடைகளுக்கு. 2024 டிசம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இத்தனை ஆண்டு ஆணையைத் திருத்தாமல் விட்டது அரசாங்கத்தின் தவறு, வழக்குப் போட்டவர்களுக்கு இழப்பீடு கொடு என்று தீர்ப்புச் சொன்னது. தொகை சின்னது. ஆனால் குற்றம் கடைக்காரர்மேல் விழவில்லை, வரம்பை எழுதியவர்மேல் விழுந்தது, எனக்கு அது சரியான இடத்தில் விழுந்த அடியாகத் தெரிகிறது.

அமெரிக்காவில் வேறு வழி. அங்கே 1990 சட்டப்படி பழைய கடையும் தன்னால் எளிதாக நீக்கமுடிந்த தடையை நீக்கவேண்டும், செய்யாவிட்டால் வாடிக்கையாளர் வழக்குப் போடலாம். நிறைய வழக்குகளும் நடக்கின்றன, கடைக்காரர்கள் புலம்பவும் செய்கிறார்கள். இங்கே அப்படி ஒரு சட்டம் இல்லை. உடற்குறையுள்ளோர் உரிமைகளுக்கான ஐநா உடன்படிக்கையில் சிங்கப்பூர் 2013ல் சேர்ந்தது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம் உடற்குறையைக் காட்டிப் பாகுபடுத்துவதைத் தடுக்கும், ஆனால் அது ஊழியருக்கு, வாடிக்கையாளருக்கு இல்லை, அதிலும் 25 பேருக்குக் குறைவான ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு. மறுபடியும் சின்னக் கடை தப்பித்தது.

இதற்கு மேலே பாரம்பரியப் பாதுகாப்பு. 1989 ஜூலையில் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் எல்லாம் பாதுகாக்கப்பட்ட வட்டாரங்களாக அறிவிக்கப்பட்டன, இன்றைக்குத் தீவு முழுக்க 7,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் அந்தப் பட்டியலில் உள்ளன. அங்கே வாசல் தரையைக் கொத்தவேண்டுமென்றால் நகர மறுசீரமைப்பு ஆணையத்திடம் அனுமதி வேண்டும். பழைய ஓடு, கருங்கல் விளிம்பு, படி எல்லாம் கட்டடத்தின் குணத்தில் சேர்ந்தவை. நான் இதைக் குறைசொல்லவில்லை, அந்த அறிவிப்பு இல்லாவிட்டால் இன்றைக்குத் தேக்காவில் கண்ணாடிக் கோபுரம்தான் நின்றிருக்கும், அதன் கீழே அழகான சாய்தளத்தோடு ஒரு காப்பிக் கடை இருந்திருக்கும், புடவைக் கடை இருந்திருக்காது.

அனுமதி கிடைத்தாலும் கணக்கு இடிக்கும். என் 16 சென்டிமீட்டர் படியையே எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவாகச் சொல்லும் சரிவு பன்னிரண்டுக்கு ஒன்று, அதாவது ஒரு சென்டிமீட்டர் ஏற 12 சென்டிமீட்டர் ஓடவேண்டும். அப்படியானால் 192 சென்டிமீட்டர் நீளம். 20 சென்டிமீட்டருக்கு உட்பட்ட உயரத்துக்கு விதித்தொகுப்பு கொஞ்சம் தளர்த்திப் பத்துக்கு ஒன்று என்கிறது, அப்போதும் 160. அஞ்சடியின் பெயரே அஞ்சடி, ஒன்றரை மீட்டர், தாராளமான இடத்தில் இரண்டு. சாய்தளத்தை வெளியே போட்டால் அஞ்சடி முழுவதையும் அது தின்றுவிடும், இந்தக் கடைக்குள் ஒரு நாற்காலி நுழைவதற்காக மற்ற எல்லாருடைய வழியும் அடைபடும், கண்பார்வை இல்லாதவர் தடுக்கி விழுவார். உள்ளே போட்டால் கடையின் இருபது சதுர அடி போய்விடும், சதுர அடிக் கணக்கில் வாடகை கட்டுகிறவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். பேசாமல் அஞ்சடியையே கடை மட்டத்துக்கு உயர்த்திவிடலாமே என்றால், பக்கத்துக் கடைக்குப் போகும் இடத்தில் புதிதாக ஒரு படி முளைக்கும். வரிசை முழுக்கச் சேர்ந்து உயர்த்தினால்தான் உண்டு. பத்து வீட்டு வரிசையில் பத்து சொந்தக்காரர், ஒருவர் வெளிநாட்டில், ஒன்று அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில், ஒன்று போன மாதம்தான் கைமாறியது. யார் யாரை உட்காரவைத்துப் பேசுவது?

பணம் இல்லாமல் இல்லை. கட்டட, கட்டுமான ஆணையம் 2007ல் 40 மில்லியன் வெள்ளியில் (சிங்கப்பூர் டாலர்) அணுகல் நிதி ஒன்றைத் தொடங்கியது, தனியார் கட்டடச் சொந்தக்காரர் அடிப்படை வசதிகளைச் செய்தால் கட்டுமானச் செலவில் 80 விழுக்காடு வரை அதிலிருந்து பெறலாம். எண்பது விழுக்காடு! இருந்தும் படி அப்படியே இருக்கிறது, காரணம் கட்டடம் ஒருவருடையது, வியாபாரம் இன்னொருவருடையது. சொந்தக்காரருக்குப் படி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாடகை அதே வாடகை. கடைக்காரருக்கு ஒப்பந்தம் இரண்டு மூன்று வருஷம், அடுத்தமுறை வாடகை ஏறினால் அவர் எங்கேயோ, அவர் சிமெண்ட் போட்டு என்ன பண்ணுவார்? என்னைக் கேட்டால் இந்த நிதியை ஒவ்வொரு வாசலுக்கும் தனியாகக் கொடுப்பதைவிடத் தெருக் கால்வாயைத் தோண்டிச் சாலையைப் போடும்போதே வரிசை வரிசையாக அஞ்சடித் தரையைச் சேர்த்துச் சரிசெய்யச் செலவழிக்கலாம். தோண்டாத வருஷம் தேக்காவில் எது?

இத்தனையும் சொன்னபிறகு, படி இன்னும் இருப்பதற்கு நான் உண்மையிலேயே நினைக்கும் காரணத்தைச் சொல்கிறேன். நம் ஆட்கள் நல்லவர்கள். அதுதான் காரணம்.

வாசலில் நாற்காலி நின்றதும் உள்ளேயிருந்து இரண்டு தம்பிகள் ஓடிவருவார்கள், பக்கத்துக் கடையிலிருந்து ஒருவர் கைகொடுப்பார், "அம்மா, பயப்படாதீங்க, நாங்க தூக்கிடுறோம்" என்று நாலு பக்கமும் பிடித்துவிடுவார்கள். பாசத்தில் குறை சொல்லவே முடியாது. ஆனால் எங்கே பிடிக்கவேண்டுமென்று யாருக்கும் தெரியாது. பக்கவாட்டில் கை வைக்கும் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினால் அது கழன்று கையோடு வரும், கழற்றுவதற்காகவே செய்தது அது. கால்பலகையும் அப்படித்தான். போன வருஷம் ஒரு தம்பியின் கையில் கைப்பிடி தனியாக வந்துவிட்டது, நாற்காலி ஒருபக்கம் சரிந்தது, அம்மா ஒன்றும் ஆகவில்லை, ஒன்றும் ஆகவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார், ஆனால் கழுத்தில் நரம்பு துடித்ததை நான் பார்த்தேன். நாற்காலியைத் தூக்கியே ஆகவேண்டுமென்றால் சட்டகத்தைத்தான் பிடிக்கவேண்டும். அதைவிட, உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடவேண்டும்.

அதிலிருந்து அம்மா உள்ளே வருவதில்லை. "நான் இங்கேயே இருக்கேன், நீ போய்ப் பாரு." கடைக்காரர் சும்மா விடுவாரா, ஸ்டூல் போட்டு, பத்துப் புடவையை வெளியே கொண்டுவந்து அஞ்சடியிலேயே விரித்துக் காட்டுகிறார், காப்பிகூட வாங்கித் தருகிறார். எல்லோருக்கும் திருப்தி. அவருக்குப் படி ஒரு பிரச்சினையாகவே தோன்றாது, தான் கவனித்துக்கொண்டுவிட்டோமே என்றுதான் தோன்றும். ஆனால் வெளியே வரும் பத்துப் புடவையும் அவர் தேர்ந்தெடுத்த பத்து. அம்மாவின் வயதைப் பார்த்து, சக்கர நாற்காலியைப் பார்த்து, பாக்கு நிறம், சாம்பல் நிறம், சின்னக் கரை. உள்ளே ஆறாவது தட்டில் இருக்கும் மயில்கழுத்து நிறத்தை அவர் கொண்டுவரவே மாட்டார். கேட்டதை வாங்க இப்போது கைபேசி போதும், வீட்டுக்கே வரும். நினைக்காத ஒன்றைக் கண்டு நின்று, தொட்டுப் பார்த்து, விலையைக் கேட்டு உதட்டைப் பிதுக்கத்தானே ஒரு மனுஷி தேக்காவுக்குக் கிளம்புவது.

இன்னொரு பதிலும் அடிக்கடி கிடைக்கும். "இந்த மாதிரி நாற்காலியில் யாரும் இங்கே வர்றதில்லையே." வரமாட்டார்கள்தான். 2030ல் இந்நாட்டுக் குடிமக்களில் நான்கில் ஒருவர் 65 வயதைத் தொட்டிருப்பார் என்று அரசாங்கமே சொல்கிறது. அவர்கள் எல்லோரும் சக்கர நாற்காலியில் இருக்கப்போவதில்லை, ஆனால் முழங்கால் வலியோடு படியைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்களும் அதில் சேர்த்தி. நகையும் பட்டும் வாங்கும் கை அந்த வயதுக் கைதான், கடைக்காரருக்கு இதை நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

உள்ளே நுழைந்துவிட்டால் எல்லாம் சரியா என்றால் அதுவும் இல்லை. நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் வேண்டும், மளிகைக் கடைச் சந்தில் அது கனவு, போன வழியே பின்பக்கமாக வரவேண்டியதுதான். நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டி அம்மாவின் கண்ணுக்கு மேலே. சாப்பாட்டுக் கடையில் இழுத்துப் போடும் நாற்காலிகளாக இருந்தால் ஒன்றை எடுத்துவிட்டுச் சேர்ந்துகொள்ளலாம், தரையோடு திருகிய ஸ்டூல் என்றால் முடியாது, அங்காடி நிலையங்களில் இதற்காகவே சில மேசைகளில் ஸ்டூல் இல்லாமல் விட்டிருப்பார்கள், பெரும்பாலும் அதில் நாலு கல்லூரிப் பிள்ளைகள் எங்கிருந்தோ நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கழிவறையைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. தேக்காவுக்குப் போகிற நாளில் அம்மா காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

என்ன செய்யலாம் என்றால், பெரிய மாற்றம் வரும்வரை ஒரு பலகை போதும். கனடாவில் டொராண்டோவில் 2011ல் ஸ்டாப்கேப் என்றொரு அமைப்பு ஆரம்பித்தது. அதை ஆரம்பித்தவர்களில் லூக் ஆண்டர்சன் சக்கர நாற்காலியில் வாழும் பொறியாளர். ஒற்றைப் படி உள்ள கடைகளுக்குப் பளிச்சென்று வண்ணமடித்த மரச் சாய்பலகை செய்து கொடுத்தார்கள். நிரந்தரமாகப் பதிப்பதில்லை, வேண்டும்போது போட்டு எடுத்துவிடலாம். அதனால் அனுமதி, பாரம்பரியம், அஞ்சடி அடைப்பு என்ற மூன்று தலைவலியும் பெருமளவு குறைந்துபோகிறது. மடிக்கும் அலுமினியப் பலகை இங்கே சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கிறது. பின்னால் தள்ள ஒருவர் இருந்தால் ஆறுக்கு ஒன்று சரிவு வரை சமாளிக்கலாம், அதாவது என் 16 சென்டிமீட்டருக்கு ஒரு மீட்டர் பலகை. விதித்தொகுப்பின் கணக்குக்கு இது சேராது, தனியாக வருகிறவருக்கு இது உதவாது, அது எனக்குத் தெரியும். ஆனால் நாலு பேர் சேர்ந்து தூக்குவதைவிட எவ்வளவோ மேல். வாசலில் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு அழைப்பு மணியும் வைத்துவிட்டால் வெளியே நின்று கத்தவேண்டியதில்லை.

உண்மையில் பல கடைகளில் பலகை ஏற்கெனவே இருக்கிறது. கவனித்துப் பாருங்கள், கதவுக்குப் பின்னால் அல்லது தூணோரம் ஒரு தடித்த பலகை சாய்ந்திருக்கும். சரக்கு இறங்கும் நேரத்தில் அதைப் படிமேல் போட்டு, அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் அடுக்கிய தள்ளுவண்டியைக் கடகடவென்று ஏற்றுவார்கள். வேலை முடிந்ததும் பழையபடி கதவுக்குப் பின்னால். முப்பது மூட்டை அரிசிக்குத் தூக்குக்கூலி கொடுக்க முடியாது என்று என்றைக்கோ ஒரு முதலாளி கணக்குப் பார்த்திருக்கிறார், பலகை வந்துவிட்டது.

இதைக் கண்டுபிடித்தது நானில்லை, அம்மாதான். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் ஒரு மளிகைக் கடை வாசலில் வழக்கம்போல நான் பட்டியலை வாங்கிக்கொண்டு உள்ளே போகத் திரும்பியபோது, அம்மா கடைத் தம்பியைக் கூப்பிட்டு, "அந்தப் பலகையை இப்படிக் கொஞ்சம் போடு தம்பி" என்றார். அவருக்கு முதலில் புரியவில்லை. "அது அரிசி ஏத்துற பலகைம்மா" என்றார். "நான் அரிசியைவிடக் கனமா?" என்று அம்மா கேட்டதும் கல்லாவில் இருந்தவரே எழுந்து வந்துவிட்டார். பலகை கொஞ்சம் குட்டைதான், சரிவு அதிகம், நான் பின்னால் தள்ள, தம்பி பக்கவாட்டில் சட்டகத்தைப் பிடிக்க, ஏறிவிட்டோம்.

பட்டியலில் இருந்தது கடுகு, பெருங்காயம், இட்லி அரிசி. முக்கால் மணி நேரம் கழித்துப் பின்பக்கமாக இறங்கும்போது அம்மா மடியில் மோர்மிளகாய் இரண்டு பாக்கெட், சுக்கு, நாலைந்து வருஷமாகப் பார்க்காத ஏதோ ஒரு மார்க் சீயக்காய்த் தூள், ஒரு எவர்சில்வர் வடிகட்டி. வடிகட்டி வீட்டில் மூன்று இருக்கிறது. எதற்கும்மா என்று கேட்டேன்.

"பார்த்தேன், எடுத்தேன்."

தம்பி பலகையை எடுத்துத் தூணில் சாய்க்கப்போனார், அதற்குள் சரக்கு லாரி வந்து நின்றது, அப்படியே போட்டுவிட்டார்.